"இயேசுவின் நாமத்தில்" என்று ஜெபத்தை முடிப்பது எதற்காக?

ஞாயிற்றுக்கிழமை காலையில் திருகோணமலை நகருக்குள் ஒரு சுற்று வந்தால், ஜெபம் பல விதமாக முடிவதைக் கேட்கலாம். புனித மரியாள் பேராலயத்தில் குருவானவர் "எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம்" என்று நிறுத்த, சனம் "ஆமென்" என்கிறது. மெதடிஸ்த ஆலயத்தில் "எங்கள் கர்த்தராகிய இயேசு கிறிஸ்துவின் மூலமாய்" என்று முடிகிறது. பெந்தேகோஸ்தே சபைகளில் குரல் உயர்ந்து, கைகள் உயர்ந்து, கடைசியில் "இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், ஜீவனுள்ள நல்ல பிதாவே" என்று வந்து நிற்கிறது. மொழிநடை வேறு, சத்தத்தின் அளவு வேறு. ஆனால் மூன்று இடத்திலும் வேண்டுதல் பிதாவிடம் போகிறது, மூன்று இடத்திலும் இயேசுவின் பெயரில்தான் போகிறது.

இந்தச் சொற்களைச் சொல்லாவிட்டால் ஜெபம் மேலே போகாது என்று உறுதியாக நம்புகிறவர்களை எனக்குத் தெரியும். கடிதத்தின் கீழே "இப்படிக்கு" என்று எழுதுவதற்கு மேல் இதில் ஒன்றுமில்லை என்று நினைப்பவர்களையும் தெரியும். இரண்டுமே சரியில்லை என்பது என் கருத்து. இந்தச் சொற்கள் கடைசியில் வந்தாலும் ஜெபத்தின் முதல் வரியிலிருந்தே வேலை செய்கின்றன. கேட்பவர் யாருடைய உரிமையில் நிற்கிறார், எதைக் கேட்கலாம், எதைக் கேட்க வாய் வரக்கூடாது என்பதையெல்லாம் அவைதான் தீர்மானிக்கின்றன.

வேதாகமத்தில் இதற்கு மூல இடம் யோவான் சுவிசேஷத்தின் 14 முதல் 16 வரையான அதிகாரங்கள். சிலுவைக்கு முந்திய இரவு. சீஷர்களோடு கடைசியாகச் சாப்பிட்டுவிட்டு இயேசு பேசுகிறார். தாம் போகப்போகிறதைச் சொல்லிவிட்டார். அவர்கள் கலங்கிப்போய் இருக்கிறார்கள். அந்த நேரத்தில்தான் "என் நாமத்தினாலே நீங்கள் எதைக் கேட்டாலும் அதை நான் செய்வேன்" என்கிறார். கொஞ்சம் தள்ளி, "இதுவரைக்கும் நீங்கள் என் நாமத்தினாலே ஒன்றும் கேட்கவில்லை" என்றும் சொல்கிறார். ஆக, அவர்களுக்கு இது புதிய விஷயம். அவர்கள் சிறு வயதிலிருந்து ஜெபித்து வந்த யூதர்கள், சங்கீதங்கள் மனப்பாடம். ஜெபிக்கத் தெரியாதவர்களுக்கு ஜெபம் சொல்லிக்கொடுக்கப்படவில்லை. பக்கத்தில் இருந்தவர் இனிப் பக்கத்தில் இருக்கமாட்டார் என்ற நிலையில், அவர் இருந்த இடத்தில் நின்று பிதாவிடம் பேசும் உரிமை அவர்கள் கையில் கொடுக்கப்படுகிறது.

அந்தப் பகுதியில் பலர் தாண்டிப்போகும் ஒரு வசனம் இருக்கிறது: யோவான் 16:26, 27. "உங்களுக்காகப் பிதாவை நான் கேட்டுக்கொள்வேனென்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை" என்று சொல்லிவிட்டு, "பிதா தாமே உங்களைச் சிநேகிக்கிறார்" என்கிறார். இதைக் கவனித்து வாசித்தால், இயேசுவின் பெயரைச் சிபாரிசு என்று நினைக்கும் எண்ணம் அங்கேயே உடைந்துபோகும். மனமில்லாத மேலதிகாரி ஒருவரை இளக்குவதற்காகச் சொல்லப்படும் பெயர் இல்லை இது. கேட்கப்படுகிறவர் ஏற்கெனவே நேசிக்கிறார். சிபாரிசுக்கு ஆள் தேடித் தேடியே பழகிப்போன நமக்கு இதை ஏற்றுக்கொள்வது உண்மையாகவே கஷ்டம்.

இன்னொருவர் பெயரில் பேசுவது என்றால் என்ன என்பதற்குப் பழைய ஏற்பாட்டிலேயே ஆட்கள் இருக்கிறார்கள். 1 சாமுவேல் 25ஆம் அதிகாரத்தில் தாவீது பத்து வாலிபரை நாபாலிடம் அனுப்புகிறான். அவர்கள் தாவீதின் பேரால் பேசுகிறார்கள். நாபால் அவர்களை அவமதித்தபோது அது தாவீதுக்கே செய்த அவமதிப்பாகிவிடுகிறது. அவன் வாளைக் கட்டிக்கொண்டு புறப்படுகிறான். எஸ்தர் புத்தகத்தில் ராஜாவின் பேரால் எழுதி, ராஜாவின் மோதிரத்தால் முத்திரை போட்டால் அதை மாற்ற ஒருவராலும் முடியாது. அனுப்பப்பட்டவர் வாயில் பெயர் இருக்கும்போது, அனுப்பியவரே அங்கே நிற்கிற மாதிரி. அதே சமயம் உபாகமம் 18:20 ஒரு எச்சரிக்கையும் தருகிறது: கர்த்தர் சொல்லச் சொல்லாததை அவர் நாமத்தினாலே சொல்லத் துணிகிற தீர்க்கதரிசிக்குச் சாவு. பெயரைக் கொடுப்பதும் உண்டு, திருடுவதும் உண்டு.

நம் ஊரில் இதை விளங்கிக்கொள்ள அற்றோணித் தத்துவம் (தன் சார்பில் செயற்பட இன்னொருவருக்கு எழுதிக்கொடுக்கும் அதிகாரப் பத்திரம்) போதும். லண்டனில் இருக்கும் அண்ணன், உவர்மலையில் உள்ள தன் வளவை விற்பதற்காகத் தங்கைக்கு அற்றோணி எழுதி அனுப்புகிறார். தங்கை நொத்தாரிசின் மேசைக்கு முன் இருந்து கையெழுத்துப் போடுகிறார். அது தங்கையின் கை, ஆனால் செல்லுபடியாவது அண்ணனின் பெயரில். தங்கையின் சொந்தப் பணமோ அந்தஸ்தோ அங்கே கணக்கில் வராது. அதே நேரம் உறுதியில் எழுதியிருப்பதற்கு மேல் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. அந்த வளவை விற்கலாம். அண்ணனின் வேறு காணியைத் தன் மகனுக்கு எழுதிக்கொடுத்தால் அதற்குப் பெயர் மோசடி. "அண்ணாவின்ர பேரிலதானே செய்தனான்" என்று சொன்னால் யார் கேட்பார்கள்? இந்த உவமை ஒரு இடத்தில் நின்றுவிடும். எழுதிக்கொடுத்தவர் செத்துப்போனால் அற்றோணியும் அதோடு முடிந்துபோகும். கிறிஸ்தவர்களோ செத்து, உயிர்த்து, இன்றும் இருப்பதாக அறிக்கையிடும் ஒருவரின் பெயரில் நிற்கிறார்கள். எபிரெயர் 7:25 இதையே சொல்கிறது: தம் மூலமாய்த் தேவனிடத்தில் சேருகிறவர்களுக்காக வேண்டுதல் செய்யும்படி அவர் எப்பொழுதும் உயிரோடிருக்கிறார்.

உரிமை, எல்லை என்ற இந்த இரண்டும் சேர்ந்ததுதான் விஷயம். சபைகளில் உரிமையைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறோம், எல்லையைப் பற்றிக் குறைவு. உரிமைப் பக்கம் உண்மையிலேயே பெரியது. அதைச் சுருக்கிச் சொல்லக்கூடாது. பழைய ஆசரிப்பு முறையில் மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள் பிரதான ஆசாரியன் ஒருவன் மட்டும், வருஷத்தில் ஒரு நாள் மட்டும் போவான். எபிரெயருக்கு எழுதின நிருபம், இயேசுவே பிரதான ஆசாரியராக இருப்பதால் "தைரியமாய்க் கிருபாசனத்தண்டையிலே" சேரலாம் என்கிறது. காலையில் மீன் பிரித்துவிட்டு வலை நாற்றத்தோடு வந்து முழங்காலில் நிற்பவர் குளித்து உடுத்திக்கொண்டு வந்தவரைவிட ஒரு அடி பின்னால் நிற்கத் தேவையில்லை. இந்த வாரம் என்ன நல்லது செய்தேன் என்ற கணக்கு வைத்து யாரும் அங்கே உள்ளே போவதில்லை. "எனக்கு ஜெபிக்கத் தகுதியில்லை" என்று சொல்கிறவருக்கு இந்தப் பெயர் சொல்லும் பதில் அதுதான்.

எல்லைப் பக்கத்துக்கு வருவோம். காணி வழக்கில் பக்கத்து வீட்டுக்காரன் தோற்கவேண்டும், அவன் பிள்ளை சோதினையில் குண்டடிக்கவேண்டும் என்று மனதில் வைத்து "இயேசுவின் நாமத்தில்" என்று முடிக்க முடியுமா? சத்துருக்களைச் சிநேகியுங்கள் என்று சொன்னவரின் கையெழுத்தை அதற்குக் கீழே போட முடியாது. யாக்கோபு 4:3 இன்னும் நேராகச் சொல்கிறது: உங்கள் இச்சைகளுக்குச் செலவழிக்கவேண்டும் என்று தகாதவிதமாய்க் கேட்பதால் பெற்றுக்கொள்ளாமல் இருக்கிறீர்கள். விசா, வேலை, சுகம், சாதாரண தரப் பரீட்சை ஆகியவற்றுக்காக ஜெபிப்பது தவறென்று நான் சொல்லவில்லை. அன்றாட அப்பத்தைக் கேட்கச் சொன்னவரே இயேசுதான். கேட்கும்போது அவர் இதைத் தன் வாயால் பிதாவிடம் கேட்பாரா என்று ஒரு நிமிஷம் யோசிக்கவேண்டும். யோசித்தால் சில வேண்டுதல்கள் பாதியிலேயே திருந்திவிடும்.

சரி, அந்த வார்த்தைகளையே சொல்லித்தான் ஆகவேண்டுமா? பரமண்டல ஜெபத்தைப் பாருங்கள். இயேசுவே சொல்லிக்கொடுத்தது. அதில் "இயேசுவின் நாமத்தில்" என்ற வரி இல்லை. யூதாசின் இடத்துக்கு மத்தியாவைத் தெரிந்தெடுக்க அப்போஸ்தலர் 1ஆம் அதிகாரத்தில் செய்யப்பட்ட ஜெபத்திலும் இல்லை. அப்போஸ்தலர் 4இல் சபையார் கூடி ஜெபித்தபோது இயேசுவின் நாமம் வருகிறது, ஆனால் அது முடிவுரையாக வராமல் வேண்டுதலின் உள்ளேயே வருகிறது. ஸ்தேவான் கல்லெறியப்படும்போது "கர்த்தராகிய இயேசுவே, என் ஆவியை ஏற்றுக்கொள்ளும்" என்று இயேசுவையே நேராகக் கூப்பிட்டான். பவுல் "இயேசு கிறிஸ்துமூலமாய்" ஸ்தோத்திரம் செலுத்தினான்.

பிறகு வந்த சபை இதை ஒழுங்குபடுத்தியது. 3ஆம் நூற்றாண்டில் வேத அறிஞரான ஒரிஜன், ஜெபம் பிதாவை நோக்கி, பிரதான ஆசாரியராகிய குமாரன் வழியாகவே செய்யப்படவேண்டும் என்று எழுதினார். வட ஆப்பிரிக்காவில் 393இல் ஹிப்போவிலும் 397இல் கார்த்தேஜிலும் கூடிய ஆயர்கள், பீடத்தில் நின்று செய்யும் ஜெபம் எப்போதும் பிதாவை நோக்கியே இருக்கவேண்டும் என்று விதித்தார்கள். அதே 4ஆம் நூற்றாண்டில் இதன் மறுபக்கமும் வெடித்தது. "குமாரன் வழியாக" என்று மட்டும் சொல்வதைப் பிடித்துக்கொண்டு, குமாரன் பிதாவுக்குக் கீழ்ப்பட்டவர் என்று, ஆரியு என்ற குருவின் போதனையைப் பின்பற்றிய ஆரியக் கொள்கைக்காரர்கள் வாதாடினார்கள். செசரியாவின் ஆயர் பசிலியு "குமாரனோடு" என்றும் "குமாரன் வழியாக" என்றும் இரண்டு விதமாகவும் புகழ்ச்சி சொன்னார். குற்றச்சாட்டு வந்தபோது இரண்டும் சரியே என்று நியாயம் காட்டினார். இன்றைய திருப்பலியில் நற்கருணை மன்றாட்டின் முடிவில் "இவர் வழியாக, இவரோடு, இவரில்" என்று குருவானவர் அப்பத்தையும் கிண்ணத்தையும் உயர்த்தும்போது, அந்தப் பழைய யோசனையெல்லாம் மூன்று சொல்லில் அடங்கி நிற்கிறது.

பாலையூற்றுப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அம்மம்மா கத்தோலிக்கம், பேரன் பெந்தேகோஸ்தே சபைக்குப் போகிறவன். இரவில் விளக்கடியில் அம்மம்மா செபமாலையை முடித்தார். அவன் சொன்னான்: "அம்மம்மா, இயேசுவின்ர நாமத்தில எண்டு சொல்லாட்டி ஜெபம் கேக்கப்படாது." அம்மம்மா மணிகளைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டே, "ஏன் மோனே, நான் ஆரை நம்பிக் கேக்கிறன் எண்டு அவருக்குத் தெரியாதோ?" என்றார். அவன் விடவில்லை, மாதாவிடம் கேட்பது பற்றித் தொடங்கினான். பேச்சு சோறு ஆறும்வரை போனது.

அவன் எழுப்பியது பொய்யான கேள்வி இல்லை. தேவனுக்கும் மனுஷருக்கும் மத்தியஸ்தர் ஒருவரே என்று 1 தீமோத்தேயு 2:5 சொல்வதால், புனிதர்களை வேண்டுவதைச் சீர்திருத்தச் சபைகள் ஏற்பதில்லை. கத்தோலிக்கர் தரும் பதில்: "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்றுதான் மாதாவிடம் கேட்கிறோம், நீ உன் பாஸ்டரிடம் எனக்காக ஜெபியுங்கள் என்று கேட்பதில்லையா, அப்படித்தான்; எல்லாம் கிறிஸ்து வழியாகவே போகிறது. இந்த வழக்கு 16ஆம் நூற்றாண்டிலிருந்து நடக்கிறது, இங்கே தீர்க்கப்போவதில்லை. ஆனால் முதல் கேள்விக்கு அம்மம்மா சொன்ன பதில் யோவான் 16க்கு மிகக் கிட்ட நிற்கிறது.

இன்னொரு பயன்பாடும் இருக்கிறது. "இயேசுவின் நாமத்தில் கட்டளையிடுகிறேன், வியாதியே போ" என்று சொல்வது. இது பிதாவிடம் கேட்கும் ஜெபம் இல்லை, வியாதியைப் பார்த்தோ அசுத்த ஆவியைப் பார்த்தோ பேசுவது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம். வேதத்தில் இதற்கு ஆதாரம் உண்டு. அலங்கார வாசலில் சப்பாணியிடம் பேதுரு, "நசரேயனாகிய இயேசுகிறிஸ்துவின் நாமத்தினாலே நீ எழுந்து நட" என்றான். அதற்காகப் பிடிபட்டபோது ஆலோசனைச் சங்கம் கேட்ட முதல் கேள்வி, எந்த வல்லமையினாலே, எந்த நாமத்தினாலே இதைச் செய்தீர்கள் என்பதே. யார் உங்களுக்கு உரிமை தந்தது என்று கேட்கிறார்கள்.

உரிமையில்லாமல் அதே பெயரைச் சொன்னால் என்ன ஆகும் என்பதும் எழுதப்பட்டிருக்கிறது. எபேசுவில் ஸ்கேவா என்பவனின் ஏழு குமாரர், பவுல் பிரசங்கிக்கிற இயேசுவின் பேரால் ஆணையிட்டுப் பார்த்தார்கள். வார்த்தை சரியாகத்தான் இருந்தது. பொல்லாத ஆவி, "இயேசுவை அறிவேன், பவுலையும் அறிவேன், நீங்கள் யார்" என்று கேட்டது. காயப்பட்டு, துணியில்லாமல் அந்த வீட்டைவிட்டு ஓடினார்கள். பெயருக்குள் மந்திர சக்தி இருக்கிறது, சரியாக உச்சரித்தால் வேலை செய்யும் என்ற எண்ணத்துக்கு வேதாகமம் தரும் பதில் இந்தச் சம்பவம். மத்தேயு 7இல் இயேசு இன்னும் கடுமையாகப் பேசுகிறார். "உமது நாமத்தினாலே" அற்புதங்கள் செய்தோம் என்று வருகிறவர்களை, ஒருக்காலும் உங்களை அறியவில்லை என்று அனுப்பிவிடுவார். அற்புதம் நடந்திருக்கலாம். அப்போதும் அவர்கள் அவருடையவர்கள் ஆகவில்லை.

இங்கேதான் எனக்கு உண்மையான கவலை. ஆசுபத்திரி வாட்டில் படுத்திருப்பவரின் கட்டிலைச் சுற்றி நின்று நாமத்தைச் சொல்லிச் சொல்லிக் கட்டளையிட்டுவிட்டு, ஆள் சுகமாகவில்லை என்றவுடன் "விசுவாசம் போதவில்லை" என்று குடும்பத்தின் தலையில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். எல்லோரும் இப்படி இல்லை. இரவிரவாகக் கூடவே இருந்து, கஞ்சி கொண்டுவந்து, ஒன்றும் நடக்காதபோது சேர்ந்து அழுகிற ஊழியர்களும் அதே சபைகளில்தான் இருக்கிறார்கள். ஆனால் அந்த ஒரு வாக்கியம் செய்யும் காயம் பெரியது. 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்று காலை இந்தக் கரையோரத்தில் கடல் வந்தபோது இயேசுவின் பெயரைக் கூப்பிட்டபடி போனவர்களும் உண்டு, தப்பினவர்களும் உண்டு. யுத்த காலத்தில் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளுக்காக இன்றுவரை ஒவ்வொரு இரவும் அந்தப் பெயரில் கேட்டுக்கொண்டிருக்கும் தாய்மார் நம் மாவட்டத்தில் இருக்கிறார்கள். அந்தத் தாயிடம் போய் நீ சரியாகக் கேட்கவில்லை என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

வேதத்தில் அப்படிச் சொல்ல இடமும் இல்லை. பிடிபடும் முன் கெத்செமனே தோட்டத்தில் இயேசுவே, இந்தப் பாத்திரம் (வரப்போகும் பாடு) நீங்கவேண்டும் என்று கேட்டார். நீங்கவில்லை. அவருடைய விசுவாசம் போதாமல் போயிற்றா? பவுல் தன் மாம்சத்தில் இருந்த முள் நீங்கும்படி மூன்றுதரம் வேண்டிக்கொண்டான். கிடைத்தது "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில். ஆகவே "எதைக் கேட்டாலும்" என்ற வாக்குறுதியை இந்த இரண்டு மறுப்புகளோடு சேர்த்துத்தான் வாசிக்கவேண்டும். 1 யோவான் 5:14 அப்படித்தான் வாசிக்கிறது: அவருடைய சித்தத்தின்படி எதையாகிலும் கேட்டால் அவர் நமக்குச் செவிகொடுக்கிறார். இயேசுவின் பெயரில் கேட்பது என்றால் "என் சித்தத்தின்படியல்ல" என்று அவர் சொன்னதையும் சேர்த்துச் சொல்வது. காணாமல் போன மகனைக் கேட்கும் தாய் அதை விட்டுவிட்டுச் சமாதானமாகப் போகவேண்டும் என்று இதற்கு அர்த்தமில்லை. கெத்செமனேயில் இயேசுவும் ஒருமுறை கேட்டுவிட்டு நிறுத்தவில்லை. இயேசு மூன்றாம் முறையும் போய் அதே வார்த்தைகளைச் சொல்லி ஜெபித்தார் என்று மத்தேயு எழுதுகிறார். என்ன கேட்பதென்றே தெரியாமல் போகும் நாட்களுக்கு ரோமர் 8:26 இருக்கிறது. வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு ஆவியானவர் வேண்டுதல் செய்கிறார். பெயரைச் சொல்லக்கூட வாய் திறக்காத ஜெபமும் அந்தப் பெயரில்தான் போகிறது.

திருகோணமலையில் இருப்பவர்களுக்கு இதில் இன்னொரு கேள்வியும் மிச்சம். பாடசாலைப் பரிசளிப்பு, பிரிவுபசாரம், மரணச் சடங்கு, கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) நடக்கும் கூட்டம். ஐயர், மௌலவி, பிக்கு, கிறிஸ்தவ குரு எல்லோரும் மேடையில். கிறிஸ்தவரிடம் ஒலிவாங்கி வரும்போது "இயேசுவின் நாமத்தில்" என்று முடிப்பதா, விடுவதா? விட்டால் மறுதலிப்பு என்கிறது ஒரு தரப்பு. சொன்னால் மற்றவர்களுக்குத் திணிப்பு என்கிறது இன்னொன்று.

இந்த ஊரில் அந்தப் பெயருக்கு ஒரு பழைய கணக்கும் இருக்கிறது, அதை மறைக்கக்கூடாது. 1622இல் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்தார்கள். இடித்த கற்களை எடுத்துக் கோட்டை கட்டினார்கள். இன்றைக்குக் கோணேசருக்குப் போகிறவர்கள் அந்தக் கோட்டை வாசலுக்குள்ளால்தான் நடந்து போகிறார்கள். இடித்தவர்களும் இயேசுவின் பெயரில் ஜெபித்தவர்கள்தான். தேவனாகிய கர்த்தருடைய நாமத்தை வீணிலே வழங்காதிருப்பாயாக என்ற, பத்துக் கட்டளைகளில் ஒன்றான கற்பனையை நாம் சத்தியம் பண்ணுவது, கெட்ட வார்த்தை பேசுவது என்று சின்னதாக்கி வைத்திருக்கிறோம். அவர் ஒருபோதும் கேட்கச் சொல்லாததை, செய்யச் சொல்லாததை அவர் பெயரில் செய்வதுதான் அந்தக் கற்பனை தடுக்கும் பெரிய பாவம் என்று நான் நினைக்கிறேன்.

அதனால் மேடையில் நிற்கும் கிறிஸ்தவர் பெயரை விழுங்கவும் வேண்டாம், எல்லோர் வாயிலும் திணிக்கவும் வேண்டாம். "நாங்கள் எல்லோரும்" என்று தொடங்காமல், "நான் விசுவாசிக்கும் இயேசுவின் நாமத்தில் இந்த ஊருக்காகக் கேட்கிறேன்" என்று ஒருமையில் சொல்லலாம். யாருடைய உரிமையில் நிற்கிறார் என்று அவர் தன்னைப் பற்றி மட்டும் சொல்கிறார். கூட இருக்கும் முஸ்லிமுக்கோ சைவருக்கோ அவர்கள் கொடுக்காத கையெழுத்தை அவர் போடவில்லை. அப்புறம், எதைக் கேட்கிறார் என்பதும் இருக்கிறது. தன் சபைக்கு மட்டும் வளர்ச்சி கேட்காமல், கடலுக்குப் போனவர்கள் திரும்பி வரவும், வயலுக்கு மழை பெய்யவும், வழக்கில் நீதி கிடைக்கவும், அந்த மண்டபத்தில் இருக்கும் எல்லோருக்காகவும் கேட்டால், "ஆமென்" சொல்லாதவர்களுக்கும் அந்தப் பெயரைக் கேட்பதில் சங்கடம் குறையும். நான் பார்த்த கூட்டங்களில் சங்கடம் வந்ததெல்லாம் பெரும்பாலும் பெயரால் வரவில்லை, அதற்கு முன்னால் கேட்கப்பட்டவற்றால்தான் வந்தது.